நாலாவது வளையல்

அத்தியாயம் ஐந்து

அறிக்கை நேற்றே தட்டச்சாகித் தயாராக இருந்தது. துப்பறிய வேண்டியதுதான் பாக்கி.

டைல்ஸ் ஷோரூம் முதலாளி அதை இரண்டு விரலால் மேசைமேல் நகர்த்தினார். வழவழப்பான காகிதம், இரண்டு பக்கம். வியாழக்கிழமை அவருடைய ஸ்போர்ட்ஸ் காரின் இடது முன்சக்கரம் ஓட்டத்திலேயே கழன்று போனதற்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததற்கும், வீல் கடைக்காரி போல்ட்டுகளைச் சரியாக முடுக்காததே காரணம் என்று அதில் கண்டிருந்தது. கடைசியில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. அதற்குக் கீழே 'துப்பறியும் நிபுணர்' என்று அச்சு. கையெழுத்து விழுந்தால் போதும். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து மாமனாரிடம் வாக்குமூலம் வாங்குவார். கடைக்காரியையும் அங்கேயே வரச் சொல்லியாயிற்று. அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கடைக்குச் சீல் வைக்க வேண்டியதுதான்.

துப்பறிபவர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கார் எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

முதலாளிக்கு முகம் சுருங்கியது. கையெழுத்துப் போடக் காரைப் பார்ப்பானேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

தீப்பெட்டி வாங்கினாலும் லேபிளை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் குச்சியை உரசுகிற ஆள் என்பதால் துப்பறிபவருக்கு ஊரில் 'நிதானம்' என்று பெயர். அவருடைய உதவியாளருக்கு 'வெடி' என்று பெயர் வந்ததற்குக் காரணம், வாயைத் திறந்தால் போதும், தானே விளங்கிவிடும். வயது முப்பத்தாறு. ஏழு வருடமாக நிதானத்தோடு வேலை. அந்த ஏழு வருடத்தில் அவளால் ஒரு விஷயத்தை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை: ஒவ்வொரு வழக்கையும் தொடங்குமுன் அவர் கண்ணை மூடிக் கடவுளிடம் ஒன்றே ஒன்று கேட்பார். 'யாரைக் குற்றவாளி என்று சொல்கிறார்களோ, அவர் நல்லவராக இருக்கட்டும்.'

"அப்படியே நடந்துட்டா நம்ம தொழில் படுத்துடும் சார்," என்று இன்றும் படியிறங்கும்போது சொன்னாள்.

"படுத்தா நல்லாத் தூங்குவோம்," என்றார் அவர்.

விபத்து வண்டிகளை நிறுத்தும் கொட்டகையில் அந்தக் கார், முகத்தில் ஒரு பக்கம் வீங்கின மாப்பிள்ளை மாதிரி, ஒரு மூலையைத் தரையில் சாய்த்துக்கொண்டு நின்றது. எலுமிச்சை மஞ்சள் நிறம். இருக்கை இரண்டே இரண்டு. மூன்று மனிதர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வண்டியை வாங்கியவர், அந்த வண்டி போதுமான அகலமாக நிற்கவில்லை என்று வேறு கவலைப்பட்டிருக்கிறார். அதற்குத்தான் ஸ்பேசர். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் அலுமினிய வளையம். நாலு சக்கரத்துக்கும் நாலு போட்டால் சக்கரங்கள் வெளியே தள்ளிக்கொண்டு வரும். வண்டி மார்பை விரித்து நிற்கும். வேகம் கூடாது, சௌகரியம் கூடாது. பார்க்கிறவர் கண்ணுக்கு வண்டி பெரிய மனுஷனாகத் தெரியும், அவ்வளவுதான்.

"ஆம்பளைங்க தோள்ல பஞ்சு வெச்சு சட்டை தைச்சுக்குவாங்களே, அது மாதிரியா சார்?" என்றாள் வெடி.

நிதானம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சக்கரங்களுக்குப் பின்னால் மூன்று வளையங்கள் இருந்தன. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் சக்கரத்துக்கு வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு சிறு கோடு இழுத்திருந்தது. போல்ட் இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றுகூட உடையவில்லை. முடுக்கிய கை சிரத்தையுள்ள கை.

நாலாவது இடத்தில் சக்கரமும் இல்லை, வளையமும் இல்லை. சக்கரத்தைச் சாலையோரம் கண்டெடுத்தார்கள். வளையம் உருண்டோடி வாய்க்காலில் விழுந்துவிட்டதாக முதலாளி போலீசில் சொல்லியிருந்தார். வெடி காலையில் இரண்டு மணி நேரம் முழங்கால் தண்ணீரில் நின்று அந்த வாய்க்காலைத் துழாவியிருந்தாள். ஒற்றைச் செருப்புகள் பதினொன்று கிடைத்தன. வளையம் கிடைக்கவில்லை.

"நாலுல ஒண்ணை முடுக்க மறந்திருப்பாங்க. மூணு நல்லாப் பண்ணினா நாலாவதுல அசதி வர்றது சகஜம்தானே," என்றாள்.

நிதானம் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். வியாழக்கிழமை நல்ல மழை. வலது கதவு முழுக்கச் சேறு தெறித்துக் காய்ந்திருந்தது, கண்ணாடி வரைக்கும். இடது கதவில் பொட்டுச் சேறு இல்லை. பாதிக் குளியல் குளித்த வண்டி என்று வெடி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காரின் முன்பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு துணிப்பை, வாய் இறுகக் கட்டியபடி இருந்தது. அவிழ்த்தார். இருபது பழைய போல்ட்டுகள், துருவேறாமல் எண்ணெய் தடவி வைக்கப்பட்டிருந்தன. பையின் கழுத்தில் நூல் தொங்கியது. நூலின் முனையில் கிழிந்த அட்டைத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுல ஒரு சீட்டு இருந்திருக்கு, வெடி. யாரோ பிச்சிருக்காங்க. பையை விட்டுட்டு சீட்டை மட்டும்."

மணி அப்போது பன்னிரண்டரை.

வீல் கடை ஒரே அறை. சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் அதனதன் உருவம் பெயின்ட்டில் வரைந்திருந்தது, எது இடம் மாறினாலும் தெரியும்படி. கடைக்காரியை ஊரே 'அக்கா' என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களும் அப்படியே. நாலு மணிக்குத் தன்னைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்தும், வந்த ஆட்டோவுக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் ஸ்டூல் போட்டாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

அவள் சொன்னது சுருக்கம். மூன்று வாரத்துக்கு முன் ஸ்பேசர் போட்டாள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லி மறுபடி முடுக்கிக் கோடு இழுத்து அனுப்பினாள். அதற்கப்புறம் வண்டியைப் பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு பார்க்கக் கேட்டாள், விடவில்லை. பதினெட்டு வருடத்தில் அவள் கை போட்ட சக்கரம் ஒன்றும் கழன்றதில்லை. இந்தக் கடை போனால் இன்னொரு கடை போட அவளுக்கு நாதி கிடையாது. போட்டாலும், சக்கரம் கழட்டிவிட்டவள் என்ற பேரோடு யார் வருவார்கள்?

"ஸ்பேசர் போட்டா கதவுல சேறு அடிக்குமா?" என்று கேட்டார் நிதானம்.

"கண்டிப்பா அடிக்கும் சார். வீல் வெளிய வந்துடுதுல்ல. எல்லாரும் அதைச் சொல்லித்தான் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க."

நிதானம் வெடியைப் பார்த்தார். வெடிக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. இடது கதவு சுத்தம். அப்படியானால் வியாழக்கிழமை கார் கிளம்பும்போதே அந்தச் சக்கரத்தில் வளையம் இல்லை. இல்லாத வளையம் எப்படி வாய்க்காலில் விழும்?

"வளையம் இல்லாம வீலை மாட்டினா என்ன ஆகும்?"

அக்கா செய்தே காட்டினாள். மூலையில் நின்ற பழைய அச்சு ஒன்றை இழுத்துப்போட்டாள். அதில் வளையத்தை வைத்து, சக்கரத்தை வைத்து, நீளமான புதுப் போல்ட்டைப் போட்டு முடுக்கினாள். கல் மாதிரி நின்றது. பிறகு வளையத்தை மட்டும் எடுத்துவிட்டு அதே போல்ட்டை மறுபடி முடுக்கி, ஸ்பேனரை வெடியின் கையில் கொடுத்தாள். வெடி தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள். போல்ட் நகரவில்லை. அக்கா ஒரே விரலால் சக்கரத்தைத் தட்டினாள். லொடக் என்றது.

"நீளப் போல்ட்டுக்கு முன்பாதிதான் மரை. பின்பாதி வழவழன்னு இருக்கும். வளையல் நடுவுல இல்லாட்டி, தலை வீலைத் தொடுறதுக்கு முன்னாடியே கழுத்து உள்ள சிக்கிக்கும். மாட்டினவங்களுக்கு நல்லா இறுகிட்டதாத்தான் தோணும். இறுகினது போல்ட்டு. வீல் இல்ல. அதனாலதான் பழைய சின்னப் போல்ட்டை எண்ணெய் போட்டுப் பையில கட்டிக் குடுப்பேன். சீட்டும் எழுதித் தொங்க விடுவேன்."

"நடுவுல என்ன இல்லாட்டின்னு சொன்னீங்க?"

அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "வளையல் சார். நாங்க கடையில அப்படித்தான் சொல்றது. ஸ்பேசர்னா வாயில நுழையல."

"சீட்டுல என்ன எழுதியிருந்தீங்க? வார்த்தை மாறாமச் சொல்லுங்க."

அவள் ஒப்பித்தாள். 'நாலு வளையலும் போட்டாச்சு. எப்பவாவது கழட்டினா பழசையே போட்டுக்கவும். சந்தேகம் இருந்தா வெட்கப்படாம வரவும். அன்புடன், அக்கா.'

நிதானம் கண்ணை மூடிக்கொண்டார். பிரார்த்தனை என்று வெடி நினைத்தாள். பார்த்தால் அவர் தோள் குலுங்கியது. ஏழு வருடத்தில் அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"மெக்கானிக் அந்தச் சீட்டைப் பார்த்திருந்தா பையை அவிழ்த்திருப்பான்," என்றார், தெருவில் நடக்கும்போது. "திருடன் பார்த்திருந்தா வளையத்தை நாலையும் கழட்டியிருப்பான். பையைத் தொடாம, சீட்டை மட்டும் பிச்சுப் பத்திரமா எடுத்து வெச்சுக்கிற ஆள் உலகத்துலயே ஒருத்தர்தான் இருக்க முடியும்."

"யாரு?"

"காருக்குச் சொந்தக்காரரோட சம்சாரம்."

முதலாளியின் வீட்டில் தரை, சுவர், மாடிப்படி எல்லாம் ஷோரூமிலிருந்து வந்த புது டைல்ஸ். நடந்தால் நம் முகமே கீழிருந்து நம்மை முறைக்கும். முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அவருடைய மனைவி கதவைத் திறந்தாள். நாலைந்து நாள் தூங்காத முகம். துப்பறிபவர் என்று தெரிந்ததும், அப்பாவின் எலும்பை உடைத்த அந்தக் கடைக்காரியை விட்டுவிடக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

நிதானம் ரொம்ப மரியாதையாக, "நாலு வளையல் விஷயமா வந்திருக்கோம்மா," என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். இவர்களிடம் மறைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கேட்க ஆள் வராதா என்று காத்திருந்தவள் போல எல்லாவற்றையும் கொட்டினாள்.

போன சனிக்கிழமை காரில் குடை தேடப் போனவள் கண்ணில் அந்தச் சீட்டுப் பட்டது. நாலு வளையலும் போட்டாச்சாம். அன்புடனாம். அதுவும் பெண் கையெழுத்து. கேட்டதற்குப் புருஷன், அது சக்கரத்துக்குப் போடுகிற வளையல் என்றான்.

"சக்கரத்துக்கு வளையலாம் சார். அப்ப கம்மல் எங்க போடுவீங்கன்னு கேட்டேன். 'கழட்டினா பழசையே போட்டுக்கவும்'னு எழுதியிருக்கு. பழசு யாரு? நான்தானே?"

வெடி சட்டென்று ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினாள்.

இரவெல்லாம் சண்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கதை ஊர் சிரிக்கும் என்று, இஸ்திரி போட்ட சட்டையோடு தானே ஜாக்கியை வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததை அவள் கையில் வைத்து, இதுதான் வளையல், போதுமா என்றான்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் நிதானம்.

"மீதி மூணு எங்கன்னு கேட்டேன்."

அதற்குள் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ என்று கத்திவிட்டுச் சக்கரத்தை மாட்டி முடுக்கிவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். வளையத்தைத் திருப்பி வாங்கவில்லை. கோபத்தில் ஞாபகம் இல்லை. போல்ட்டை மாற்றவும் இல்லை.

"பையில பழைய போல்ட்டு இருந்துச்சே?"

"பழசா? அவரா?" அவள் உதடு கோணியது. "பழசைக் கையாலகூடத் தொட மாட்டார் சார். புதுசு பளபளன்னு கையில இருக்கும்போது."

வியாழக்கிழமைதான் காரை வெளியே எடுத்தான், மாமனாருக்குப் பெருமை காட்ட. ஷோரூம் மாமனாருடையது, அடுத்த மாதம் மருமகன் பேருக்கு மாற்றுவதாக இருந்தார். அன்று இரவு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் கேட்ட முதல் வார்த்தை, அந்த வளையல் எங்கே என்பது.

"அப்பா எலும்பு உடைஞ்சு கிடக்கார். இவருக்கு வளையல் ஞாபகம். அவகிட்ட திருப்பிக் குடுக்கத்தான் கேக்கிறார்னு நினைச்சு பூட்டி வெச்சுட்டேன்."

பீரோவைத் திறந்தாள். நகைப்பெட்டியில், பட்டுத்துணி விரித்து, தங்கத்துக்குப் பக்கத்தில் கனமான அலுமினிய வளையம் ஒன்று ஐந்து துளைகளோடு படுத்திருந்தது. அதன்மேல் அந்தச் சீட்டு.

நிதானம் அவளுக்கு விளக்கிச் சொன்னார். குரலை உயர்த்தாமல், ஒரு சக்கரம் எதனால் நிற்கிறது, எதனால் கழல்கிறது என்று மட்டும். கையெழுத்துப் போட்ட அக்கா யார், நாலு மணிக்கு அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்றும் சொன்னார். அவள் சீட்டை எடுத்து மறுபடி படித்தாள். 'சந்தேகம் இருந்தா வெட்கப்படாம வரவும்' என்ற வரியில் அவள் கண் நின்றது. யாரும் வரவில்லை, புருஷனும் வரவில்லை, அவளும் வரவில்லை.

"மணி என்ன?" என்று எழுந்தாள். மூன்றே முக்கால்.

ஆஸ்பத்திரி அறையில் மாமனார் தோளில் கட்டோடு சாய்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். சுவரோரம் அக்கா நின்றாள். அவளுக்கு நாற்காலி போட ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலாளி, மனித உயிரோடு விளையாடுகிறவர்களை மன்னிக்கவே கூடாது என்று உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். உருக்கம் நன்றாகவே வந்தது.

நிதானத்தைக் கண்டதும் அறிக்கை எங்கே என்று கை நீட்டினார். நிதானம் கொடுத்தார். புள்ளிக்கோடு காலியாகவே இருந்தது.

அவருக்குப் பின்னால் மனைவி வந்தாள். வலது மணிக்கட்டில் அந்த அலுமினிய வளையத்தை மாட்டியிருந்தாள். நடுத்துளை அவள் கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. கனம் தாங்காமல் கை தொங்கியது.

"இது எதோட வளையல்னு அப்பாகிட்ட சொல்லுங்க," என்றாள்.

பத்துப் பொய்யாவது முதலாளியின் முகத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். வாய்க்காலில் விழுந்தது மனைவியின் கையில் எப்படி வந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்கவே இல்லை, வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாமனார்தான் கேட்டார், கோபமே இல்லாமல்.

"நீயா கழட்டினே?"

மருமகன் ஆமென்று தலையாட்டினான்.

"கழட்டினது தப்பில்ல. தெரிஞ்சப்புறம் அந்தம்மாவைப் பிடிச்சுக் குடுக்க வந்தியே."

அந்த அறையில் அதற்கு மேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பழைய காகிதத்தைக் கிழித்துப் புதுக் காகிதத்தை எடுத்தார். பொய்ப்புகார் கொடுத்தவர்மேல் அக்கா புகார் எழுதிக் கொடுத்தால், ஜீப் வெறுமையாகத் திரும்ப வேண்டியதில்லை என்றார். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எழுதித் தொலையட்டும், பளபளப்பான ஆசாமி ஒரு ராத்திரியாவது சிமென்ட்டுத் தரையில் படுக்கட்டும் என்று வெடி மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். அவளுக்கும் ஒரு பிரார்த்தனை உண்டுதான்.

பெரியவரின் அடிபட்ட தோளுக்குக் கீழே தலையணை சரிந்திருந்தது. அக்கா போய் அதைத் தூக்கி ஒழுங்காக வைத்தாள். பிறகு, தன்மேல் குற்றமில்லை என்பதை முதலாளி அவர் கையாலேயே எழுதி, இன்ஸ்பெக்டர் முத்திரை வைத்துத் தர வேண்டும் என்று கேட்டாள். அது கடைச் சுவரில் தொங்கும். அதற்கு மேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள்.

முதலாளி எழுதினார். வியர்வை காகிதத்தில் விழுந்தது. 'மனைவியின் சந்தேகம் தீர' என்ற இடத்தில் பேனா நின்றது. எழுதுங்க, உண்மைதானே என்று இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று ஊக்கம் கொடுத்தார். சுவரில் தொங்கினால் டயர் மாற்ற வருகிறவரெல்லாம் படிப்பார்கள். சிறையில் போட்டிருந்தால் மூன்று பேருக்குத் தெரிந்திருக்கும். நல்ல மனசு சில நேரம் எப்படிக் கடிக்கிறது என்று வெடிக்கு அப்போதுதான் புரிந்தது.

மனைவி அக்காவிடம் வந்தாள். கையிலிருந்த வளையத்தைக் கழற்றி நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள்.

"அந்த வண்டி கொட்டகையில சாஞ்சு நிக்குதாமே," என்றாள் அக்கா. "யாராவது தெரியாமத் தள்ளினா மேல விழுந்துடும். சாவியைக் குடுங்க, சரியா முட்டுக் குடுத்துட்டு வந்துடறேன்."

முதலாளி சாவியை நீட்டினார். தலை நிமிரவில்லை.

இன்ஸ்பெக்டர் தன் ஜீப்பிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வாசலில் போலீஸ்காரர் வழக்கம் போலப் பின்கதவைத் திறந்தார். அக்கா ஏறவில்லை.

"முன்சீட்டுல உக்காரட்டுமா சார்? கொட்டகைக்கு நேரா வேண்டாம். என் கடைத் தெரு வழியா மெதுவாப் போகச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் இறங்கி, தன் இடத்தை அவளுக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.